தைச்சியில் வெடிக்கும் அடி: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, தைச்சி சீனத் தற்காப்புக் கலை என்கிறார்கள். பூங்காவில் பார்க்கிற தைச்சி ஆடி அசைந்து போகிறது. இதில் அடி எங்கே இருக்கிறது?

பதில்: நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் யாங் பாணி, அல்லது அதிலிருந்து 1956-ல் சீன அரசு சுருக்கித் தொகுத்த 24 அசைவு வரிசை. இரண்டிலும் வேகம் ஒரே சீர். ஹெனான் மாகாணத்துச் சென்ஜியாகோவ் கிராமத்தின் சென் பாணி வேறு மாதிரி. மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென முஷ்டி வெடிக்கும். அதன் இரண்டாம் வரிசைக்குப் பெயரே பீரங்கி முஷ்டிதான். 1928-ல் சென் பாணி ஆசான் சென் ஃபாகெ பெய்ஜிங் போய்க் கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த முகம் வெளியே பரவலாகத் தெரிந்தது. இந்த வெடிப்புக்கு ஃபாஜின் என்று பெயர்.

கேள்வி: உடம்புக்குள் ஓடுவதாகச் சொல்லும் 'சீ' சக்தியால்தான் அது வருகிறதாமே?

பதில்: தொடாமலே ஆளைத் தூக்கி எறியும் காணொளிகளை நம்பாதீர்கள். அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியென்றால் விசை எங்கிருந்து வருகிறது? நான் ஜிம் போகிறேன், கை நல்ல பலம். ஆனாலும் குத்து மொத்தையாக விழுகிறது.

பதில்: பலம் இருப்பது தப்பில்லை, நேரத்துக்கு முன்பே இறுகுவதுதான் பிரச்சினை. பாதம் தரையை அழுத்துகிறது, தரை திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் கால், இடுப்பு, முதுகு, தோள் வழியாக முஷ்டிக்குப் போக வேண்டும். மேற்கையின் முன்பக்கத் தசை (பைசெப்ஸ்) முழங்கையை மடக்குவதற்கானது. கை நீளும்போது அது பிடித்துக்கொண்டால் உங்கள் குத்தை நீங்களே பின்னால் இழுக்கிறீர்கள். ஈரத் துண்டை உதறிப் பாருங்கள்: துண்டு தளர்வாக இருப்பதால்தான் நுனியில் 'பட்' என்று கேட்கிறது. அதனால் படும் கணத்தில் மட்டும் முஷ்டி இறுகட்டும், உடனே விட்டுவிடுங்கள். இன்னொன்று, திருப்பம் தொடை இடுப்போடு சேரும் மடிப்பிலிருந்து வர வேண்டும். அதைச் சீனத்தில் குவா என்பார்கள். பலரும் தோளைத் திருப்பிவிட்டு இடுப்பைத் திருப்பியதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஐயா, ஷிங்யி என்ற சீனத் தற்காப்புக் கலை கற்கிறேன். ஆசிரியர் சும்மா நிற்கவே வைக்கிறார். எதற்கு?

பதில்: அது 'சான்டி' என்ற ஷிங்யியின் அடிப்படை நிலை, எடை பெரும்பாலும் பின்காலில் இருக்கும். எங்கே வீணாக இறுகுகிறீர்கள் என்று நின்றால்தான் தெரியும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். ஷிங்யி ஆசான் குவோ யுன்ஷென் சிறையில் விலங்கோடு அரைக் காலடி எடுத்துவைத்தே 'பெங்' என்ற நேர்க்குத்தைப் பழகினார் என்று கதை உண்டு. மெய்யோ பொய்யோ, சின்னக் காலடியிலும் முழு உடம்பும் போக வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

கேள்வி: ஓர் அங்குலத் தூரத்திலிருந்து விடும் புரூஸ் லீயின் ஓரங்குலக் குத்தும் இதுதானா?

பதில்: 1964-ல் அமெரிக்காவின் லாங் பீச்சில் அவர் காட்டியது. அவருடைய அடிப்படை விங் சுன் என்ற இன்னொரு சீனக் கலை, தைச்சி, ஷிங்யி போன்றவற்றை அகக்கலை என்பார்கள், அந்த வரிசையில் அதைச் சேர்ப்பதில்லை. உடம்பு இயங்கும் விதம் நெருங்கிய உறவுதான்.

கேள்வி: வேகமாகச் செய்தால் முழங்கால் வலிக்கிறது.

பதில்: முழங்கால் பாதம் காட்டும் திசையிலேயே இருக்கட்டும். இடுப்பு திரும்பாத மிச்சத்தை அதுதான் முறுகித் தாங்குகிறது. வீக்கம் இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காற்றில் குத்தும்போது முழங்கையை முழுசாக நீட்டிப் பூட்டவும் வேண்டாம்.

கேள்வி: மெதுவாகவே வருடக்கணக்கில் செய்தால் ஒருநாள் வெடிப்பு தானாக வருமா?

பதில்: வராது. மெதுவான பயிற்சி பாதையைச் சீராக்கும், வேகத்தை வேகமாகச் செய்துதான் பழக முடியும். ஒரே அசைவைப் பத்து முறை மெதுவாக, பிறகு இரண்டு மூன்று முறை வெடிப்பாகச் செய்யுங்கள். தோள் மேலேறினால் மறுபடி மெதுவுக்குத் திரும்புங்கள். அப்புறம் பஞ்ச் பேக்கில் அடித்துப் பாருங்கள். மணிக்கட்டு மடங்கினால் விசையைப் பாதியாகக் குறையுங்கள்.