அறிக்கை எப்போது கோப்பில் ஏறுகிறது?

கேள்வி: அரசுத் துறைகள் சமூக ஆய்வுகளுக்கு நிறையச் செலவிடுகின்றன. அறிக்கை வந்ததும் அலமாரிக்குப் போய்விடுகிறது. உண்மையில் யாராவது அதை வைத்து முடிவெடுக்கிறார்களா?

பதில்: எடுக்கிறார்கள். ஆனால் 'இந்த அறிக்கையின் பரிந்துரைப்படி இந்த ஆணை' என்று கோப்பில் எழுதியிருப்பது அபூர்வம். கரோல் வெய்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-இல், ஆய்வு பயன்படும் விதங்களை ஏழாகப் பிரித்துக் காட்டினார். சிக்கலுக்கு நேரடித் தீர்வாகப் பயன்படுவது அதில் ஒன்று மட்டுமே. ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு முட்டுக் கொடுக்கவும் ஆய்வைக் காட்டுவார்கள். 'ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது' என்று சொல்லி முடிவைத் தள்ளிப்போடவும் செய்வார்கள். அதிகம் நடப்பதும் கண்ணுக்குத் தெரியாததும் வேறொன்று: பல ஆய்வுகளின் கருத்துகள் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து, அதிகாரிகள் பேசும் மொழியையே மாற்றிவிடுகின்றன. 'விழிப்புணர்வு இல்லாததால் மக்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை' என்று எழுதிய கை, 'தூரமும் ஒருநாள் கூலி இழப்பும் தடுக்கின்றன' என்று எழுதத் தொடங்கினால், அங்கே ஆய்வு வேலை செய்திருக்கிறது.

நேரடியாகப் பயன்படாமல் போவதற்குப் பெரும்பாலும் காலம்தான் காரணம். வினாத்தாள் தயாரித்து, சிறு குழுவிடம் சோதித்து, களத்துக்குப் போய், தரவைச் சரிபார்த்து, அலசி எழுதுவதற்குள் எளிதில் ஓர் ஆண்டு ஓடிவிடும். நிதி ஒதுக்கீட்டுக்கான முன்மொழிவோ அதற்குள் போய்விட்டிருக்கும். கேள்வி கேட்ட அதிகாரியும் இடம் மாறியிருப்பார். புதிதாக வந்தவருக்கு அது தன்னுடைய கேள்வியாகத் தோன்றாது. அதனால் புதிய கணக்கெடுப்பைக் கடைசியில் வையுங்கள். முதலில் ஏற்கெனவே வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பாருங்கள். இதைச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் முடிக்கலாம். அடுத்து துறையிடமே இருக்கும் பதிவேடுகள். இரண்டிலும் கிடைக்காததற்கு மட்டும் களப்பணி.

தொடங்கும் முன் ஒரே பக்கத்தில் எழுதி, ஆய்வைக் கேட்டவரிடம் ஒப்புதல் வாங்குங்கள்: எந்த முடிவு, எடுப்பவர் யார், எந்தத் தேதிக்குள், விடை 'ஆம்' என்றால் என்ன செய்வோம், 'இல்லை' என்றால் என்ன செய்வோம். இரண்டு விடைக்கும் செயல் ஒன்றுதான் என்றால் அந்த ஆய்வே வேண்டாம். பணம் மிச்சம், மக்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் களைப்பதும் மிச்சம்.

அறிக்கையின் வடிவத்துக்குக் கனடாவில் பரவிய ஓர் அளவு நன்றாக உதவுகிறது: ஒரு பக்கத்தில் முக்கியச் செய்தி, மூன்று பக்கத்தில் சுருக்கம், 25 பக்கத்தில் விவரம். அந்த முதல் பக்கம்தான் மேலே போகும். ஆய்வின் வரம்புகளையும் அதிலேயே ஒரு வரி சொல்லிவிட வேண்டும். 20-ஆம் பக்கத்தில் போட்டால் யார் கண்ணிலும் படாது.

கேள்வி: 1,000 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து, பத்து வட்டாரங்களையும் வரிசைப்படுத்தித் தரச் சொல்கிறார்கள். தரலாமா?

பதில்: தரக் கூடாது. குலுக்கல் முறையில் தேர்ந்த 1,000 பேர் என்றால், மொத்த மக்களைப் பற்றிய விழுக்காட்டில் பிழை ஏறக்குறைய 3 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். பத்தாகப் பிரித்தால் வட்டாரத்துக்கு 100 பேர். பிழை 10 புள்ளியாகிவிடும். இரண்டு வட்டாரங்களை ஒப்பிடும்போது அது 14 வரை போகும். ஒன்றில் 42, இன்னொன்றில் 50 என்று வந்தால், அந்த வேறுபாடு தற்செயலாகவே வந்திருக்கலாம். அதை நம்பி ஒரு வட்டாரத்தைப் 'பின்தங்கியது' என்று முத்திரை குத்தி நிதியை மாற்றினால் பாதிக்கப்படுவது மக்கள். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் தேவை என்பதால், வட்டார வாரியாக வேண்டுமா என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று: பகலில் பூட்டியிருக்கும் வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் கேட்டால், வேலைக்குப் போகிறவர்கள் தொடர்ந்து விடுபடுவார்கள். எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் அந்தக் கோணல் நிமிராது.

கேள்வி: ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்குத் திட்டத்தைக் கொடுக்காமல் இருப்பது நியாயமா?

பதில்: எல்லாருக்கும் கொடுக்கப் பணம் இருந்தும் நிறுத்தி வைத்தால் நியாயம் இல்லை. ஏழைக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினால் பணம் தரும் 'புரோகிரெசா' உதவித்தொகைத் திட்டத்தை 1997-இல் மெக்சிகோ தொடங்கியது. அதை ஒரே நேரத்தில் எல்லா ஊருக்கும் கொண்டுபோக முடியவில்லை. ஆய்வுக்கு எடுத்த 506 ஊர்களில் 320-க்கு முதலில், 186-க்குப் பின்னர் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பள்ளிச் சேர்க்கை உயர்ந்தது எண்ணிக்கையில் தெரிந்தது. 2000-இல் ஆட்சி மாறியும் திட்டம் நிலைத்து விரிந்ததற்கு அந்த ஆதாரமும் ஒரு காரணம்.

சோதிக்காமல் விடுவதிலும் தீங்கு உண்டு. தவறு செய்யும் இளைஞர்களைச் சிறைக்கு அழைத்துப்போய்ப் பயமுறுத்தினால் திருந்துவார்கள் என்று அமெரிக்காவில் பலரும் நம்பினார்கள். குலுக்கல் முறைச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, போகாதவர்களைவிடப் போனவர்களே அதிகமாகக் குற்றத்தில் இறங்கியிருந்தார்கள்.