அச்சு இயந்திரம் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது?

கேள்வி: ரோமானியர்கள் செங்கற்களிலும் ஈயக் குழாய்களிலும் எழுத்துகளை முத்திரையாகப் பதித்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் ஐரோப்பாவில் அச்சு இயந்திரம் உருவாக மேலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது ஏன்?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: எழுத்தைப் பதிக்கலாம் என்ற எண்ணம் மிகப் பழையது. நாம் இயந்திரம் என்று சொல்லும் பகுதியும் புதியதன்று. திராட்சையையும் ஒலிவக் காய்களையும் பிழிவதற்குத் திருகு பூட்டிய பொறியை ரோமானியர்கள் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே பயன்படுத்தினார்கள். அவர்களிடம் இல்லாதவை வேறு.

முதலாவது, காகிதம். ஒரு பெரிய விவிலியத்தைத் தோலில் எழுத நூற்றுக்கும் மேற்பட்ட கன்றுகளின் தோல் தேவைப்பட்டது என்றால், அதில் நூற்றுக்கணக்கான படிகள் எடுக்க யாருக்குக் கட்டுப்படியாகும்? சீனாவில் பிறந்த காகிதம் அரபு நாடுகளைக் கடந்து 12ஆம் நூற்றாண்டுக்குள் ஸ்பெயினை அடைந்தது. ஜெர்மனியின் முதல் காகித ஆலை நியூரம்பெர்க்கில் 1390இல்தான் தொடங்கியது.

காகிதம் முன்பே இருந்த கிழக்கில் அச்சும் முன்பே வந்துவிட்டது. வைர சூத்திரம் என்ற பௌத்த நூல் சீனாவில் 868இல் மரப்பலகையில் அச்சானது. 1040களில் அங்கே பி ஷெங் என்பவர் சுட்ட களிமண்ணால் தனித்தனி எழுத்துகள் செய்தார். கொரியாவில் 1377இல் உலோக எழுத்துகளால் ஒரு பௌத்த நூல் அச்சிடப்பட்டது. எனினும் சீன எழுத்துமுறைக்குப் பல்லாயிரம் தனி எழுத்துகள் வேண்டியிருந்ததால், முழுப் பக்கத்தையும் பலகையில் செதுக்குவதே அங்கே பெரும்பாலும் மலிவாக இருந்தது.

இரண்டாவது, எழுத்து வார்ப்பு. 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் அச்சு இயந்திரத்தை உருவாக்கியவர் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து கூட்டன்பெர்க்; அவருடைய உண்மையான சாதனை, உருக்கிய உலோகத்தை ஊற்றி எழுத்துகளை வார்த்ததில் இருக்கிறது என்பேன். ஆயிரக்கணக்கான எழுத்துகளும் ஒரே உயரத்தில் நின்றால்தான் பக்கம் சீராகப் பதியும். அதற்கு எளிதில் உருகி, ஆறியபின் உறுதியாக நிற்கும் ஈயக் கலவை வேண்டும். நீர் கலந்த மை உலோகத்தில் ஒட்டாது என்பதால் எண்ணெய் மையும் வேண்டியிருந்தது. பொற்கொல்லர், ஓவியர், ஆலைக்காரர் என்று வெவ்வேறு தொழிலாளரிடம் சிதறிக் கிடந்த இந்த அறிவை ஒரே பட்டறையில் சேர்க்கப் பெரும் முதலும் தேவைப்பட்டது. யோகான் ஃபுஸ்ட் கொடுத்த கடன் 1455இல் வழக்காகி, கூட்டன்பெர்க் தம் கருவிகளையே இழந்தார்.

இத்தனையையும் தாங்குவதற்கு வாங்குவோர் வேண்டுமல்லவா? பல்கலைக்கழகங்கள் பெருகி, படியெடுப்போரால் ஈடுகொடுக்க முடியாத அளவுக்குத் தேவை வளர்ந்த பிறகே அச்சுத்தொழில் நிலைத்தது. அதனால்தான் 1500ஆம் ஆண்டுக்குள் ஐரோப்பாவில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் அச்சகங்கள் தோன்றிவிட்டன.