ஜெய்சல்மேரைச் சுற்றி ஒரு பகல் பைக் பயணம்: கேள்வி பதில்

தார் பாலைவனத்தில் பழைய ஊர்களையும் வயல்களையும் ஒரே நாளில் பைக்கில் பார்த்துவர நினைப்பவர்கள் கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: அண்ணா, ஒரே நாள்தான் இருக்கு. எந்த வரிசையில போகலாம்?

காலையில் வடக்கே 6 கி.மீ. தள்ளியுள்ள படா பாக். அரச குடும்பத்தாரின் நினைவு மண்டபங்கள் அங்கே வரிசையாக நிற்கும். அடுத்து அமர் சாகர், அங்கிருந்து லோதுர்வா. 1156-இல் ஜெய்சல்மேர் உருவாவதற்கு முன் பாட்டி (Bhati) குல ராஜபுத்திரர்களின் தலைநகராக இருந்த ஊர் அது. இப்போது பார்க்க இருப்பது பார்சுவநாதர் கோயிலும் அதன் தோரணமும். சமணக் கோயில் என்பதால் தோல் பெல்ட், தோல் கையுறை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். மதியத்துக்கு மேல், சம் என்ற ஊருக்குப் போகும் சாலை வழியாக, கைவிடப்பட்ட ஊரான குல்தரா, பிறகு காபா கோட்டை, திரும்ப நகரம். மொத்தம் ஏறக்குறைய 100 கி.மீ. தூரம் குறைவுதான், ஆனால் இறங்கி நடப்பதில்தான் நேரம் போகும். சம் மணல்மேட்டையும் இதே நாளில் திணிக்காதீர்கள்.

கேள்வி: டிசம்பர் கடைசியில் விடியற்காலை 5 மணிக்கே கிளம்பலாமா?

வேண்டாம். ஜெய்சல்மேர் நாட்டின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் அப்போது சூரியன் உதிக்கவே 7:20 தாண்டிவிடும். இருட்டில் சாலையில் மாடும் ஒட்டகமும் படுத்திருக்கும். 7:45-க்குக் கிளம்பி, மாலை 5:45-க்குள் நகருக்குள் வந்துவிடுங்கள். குளிருக்குக் காற்று புகாத மேலாடை வேண்டும்; 10 மணிக்கு மேல் அதைக் கழற்றிக் கட்ட ஒரு ரப்பர் கயிறும் வேண்டும்.

கேள்வி: வயல்னு சொல்றீங்களே, பாலைவனத்துல என்ன வயல்?

இந்தப் பயணத்தில் தவறவிடக் கூடாதது அதுதான். ஆண்டு மழை 200 மி.மீ.-க்கும் குறைவான இடத்தில், பாசனமே இல்லாமல் கோதுமை விளைவிக்கிறார்கள். அந்த அமைப்புக்குக் கடீன் என்று பெயர். பாலிவால் பிராமணர்கள் 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் உருவாக்கியதாகக் கருதப்படுகிறது.

நம் ஏரியில் கரைக்கு வெளியே வயல் இருக்கும். கடீனில் ஏரியின் உள்வாயே, அதாவது நீர் தேங்கும் இடமே, வயல். பாறைச் சரிவில் விழும் மழைநீர் மண்ணில் இறங்காமல் ஓடிவரும். அதைத் தாழ்வான பக்கத்தில் 100 முதல் 300 மீட்டர் நீளத்துக்கு ஒரு மண்கரை தடுக்கும். மிஞ்சிய நீர் கலிங்கு வழியே போகும். தேங்கியது மெல்ல மண்ணுக்குள் இறங்கும். விதைப்பு நேரத்திலும் நீர் நின்றால் மதகைத் திறந்து வடித்துவிடுவார்கள். அந்த ஈரத்திலேயே கோதுமை, கொண்டைக்கடலை, கடுகு. ஒரு ஏக்கர் வயலுக்கு 11 முதல் 15 ஏக்கர் நீர்வரத்துப் பரப்பு தேவை. அதனால்தான் சுற்றியுள்ள வெற்றுப் பாறையை யாரும் தரிசாக நினைப்பதில்லை. நீர் கரைக்கு அடியில் கசிந்து கீழே போகும்போது உப்பையும் கழுவிச் செல்கிறது. கரைக்கு வெளியே தோண்டும் கிணற்றில் தண்ணீரும் ஊறும்.

பச்சையாகப் பார்க்க ஜனவரி, பிப்ரவரி. நல்ல மழை பெய்த ஆண்டில் செப்டம்பரில் போனால் நீர் நிற்பதைப் பார்க்கலாம்.

கேள்வி: கரை மேலயே பைக்கை ஓட்டிப் படம் எடுக்கலாமா?

கூடவே கூடாது. சக்கரத் தடம் பதிந்த இடத்தில்தான் அடுத்த மழையில் நீர் முதலில் வழியும். அரிப்பு அங்கே தொடங்கிக் கரை உடைந்தால் ஒரு குடும்பத்தின் அந்த ஆண்டு விளைச்சலே போயிற்று. சாலையோரம் நிறுத்திவிட்டு, வயலில் ஆள் இருந்தால் கேட்டுவிட்டு நடந்து போங்கள்.

கேள்வி: குல்தரா ஒரே ராத்திரியில் காலியானது உண்மையா சார்?

ஜெய்சல்மேர் அரசின் திவான் சலீம் சிங்குக்குப் பயந்து இரவோடு இரவாக எல்லாரும் போனதாகச் சொல்வது நாட்டுப்புறக் கதை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் கைவிடப்பட்டது. தண்ணீர்ப் பற்றாக்குறையும் வரிச்சுமையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பேய்க்கதையை விட்டுவிட்டுத் தெருக்களின் நேர்த்தியைப் பாருங்கள். கடீன் கட்டியவர்களின் வீடுகள் இவை என்று தெரிந்து பார்த்தால் ஊர் வேறாகத் தெரியும். சுவர் மேல் ஏறாதீர்கள். கற்கள் பிடிப்பின்றி நிற்கின்றன.

கேள்வி: டயர் காற்றழுத்தம்? பங்சர்? மணலில் சிக்கினால்?

தார்ச்சாலையில் வழக்கமான அழுத்தம் போதும். மண்பாதை நீண்டால் 22 பி.எஸ்.ஐ., உதிரிமணலில் 18. ட்யூப் டயரில் அதற்கும் கீழே இறக்கினால் டயர் ரிம்மில் நழுவி, ட்யூபின் வால்வு வேரோடு பிய்ந்துவிடும். தார்ச்சாலை ஏறியதும் காற்றை நிரப்பிவிடுங்கள். கையில் பம்ப் இல்லாமல் காற்றை இறக்கவே வேண்டாம்.

பங்சருக்குப் பெரும்பாலும் சீமைக்கருவேல முள்தான் காரணம். நிழலுக்காக அதனடியில் நிறுத்தாதீர்கள், வன்னி மரம் பாருங்கள். முன், பின் இரண்டுக்கும் ஒவ்வொரு ட்யூப், இரண்டு டயர் லீவர்.

சக்கரம் புதைந்தால் ஆக்ஸிலேட்டரைத் திருகாதீர்கள். அது இன்னும் குழி தோண்டும், கிளட்ச் தட்டும் கருகும். இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் உள்ள மணலை ஒரு முழத்துக்கு வாரிவிட்டு, முதல் கியரில் பக்கத்தில் நடந்தபடி தள்ளுங்கள். சாலையில் படிந்த மணல் தெரிந்தால் அதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், மணல் மேல் முன் பிரேக்கைத் தொடாதீர்கள்.

கேள்வி: செயினுக்கு எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விடலாமா?

ஈரமான எண்ணெயில் மணல் ஒட்டிச் செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் அரைத்துவிடும். முந்தைய இரவே மெழுகு வகை லூப்ரிகன்ட் அடித்து, துடைத்து, உலரவிடுங்கள். மாலையில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஃபோம் வகையைக் கழுவலாம், காகித வகை அடைத்திருந்தால் மாற்றுங்கள்.