ரூக்வுட் பூஜாடி – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் பழைய பூஜாடி ஒன்று வாங்கினேன். பளபளக்கும் அடர்பழுப்பில் மஞ்சள் டாஃபோடில் மலர்கள். அடியில் முதுகோடு முதுகாக ஆர், பி எழுத்துகளும் சுற்றிலும் 7 தீச்சுடர்களும் உள்ளன. பக்கத்தில் யாரோ பெருக்கல் குறி கீறியிருக்கிறார்கள். மேலெங்கும் மயிரிழைக் கோடுகள். பூக்கள் கையால் வரைந்தவையா? மெருகேற்றலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அடியில் இருப்பது, அதே ஒஹையோவின் சின்சினாட்டி நகரில் மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ் 1880இல் தொடங்கிய ரூக்வுட் மட்பாண்டக்கூடத்தின் முத்திரை. 1886இல் அவ்விரு எழுத்துகளை முத்திரையாக்கியவர்கள், மறு ஆண்டு முதல் ஆண்டுக்கொரு சுடராகச் சேர்த்து, 1900இல் 14 சுடர்களோடு நிறுத்திக்கொண்டார்கள். அக்கணக்குப்படி உங்கள் ஜாடி 1893இல் செய்தது.

பூக்கள் கையால் வரைந்தவைதான். ஆனால், சுட்ட மண்ணின்மேல் தீட்டியவை அல்ல. ஈரம் காயாத களிமண்ணில், நிறமேற்றிய களிமண் கூழைத் தூரிகையால் இட்டு, சூளையில் சுட்டு, அதன்மேல் மஞ்சள் சாயல் கொண்ட கண்ணாடிப் பூச்சு கொடுத்து மீண்டும் சுட்டார்கள். வண்ணங்கள் எல்லாம் தேன் நிறத்துக்குள் அமிழ்ந்திருப்பது அதனால்தான். ஜாடியைச் சாய்த்து ஒளியில் பாருங்கள்: கூழ் தடித்த இதழ்களின் விளிம்பு சற்றே மேடாகத் தெரியும். பின்புலப் பழுப்பு எங்கே தொடங்கி எங்கே பொன்னிறமாகிறது என்று சொல்ல முடியாதபடி கரைந்திருந்தால், அது கூழைத் தெளிப்பானால் ஊதிய வேலை. அம்முறையை அங்கே கொண்டுவந்தவர் அக்கூடத்தின் ஓவியர் லாரா ஃப்ரை.

அந்தப் பெருக்கல் குறி எவருடைய விஷமமும் அல்ல. சூளையிலிருந்து சிறு குறையோடு வந்தவற்றை இரண்டாம் தரமாகக் குறைந்த விலைக்கு விற்க, கூடத்தாரே சாணைச் சக்கரத்தால் வெட்டிய அடையாளம் அது. சந்தையில் விலை குறையும் என்பது உண்மை. என்றாலும், நல்ல கை வரைந்த இரண்டாம் தர ஜாடியை, உயிரற்ற முதல் தரத்துக்கு மேலாகவே நான் மதிப்பேன். அந்தக் கை யாருடையது என்பதையும் அடியிலேயே தேடலாம். ஓவியர்கள், அவர்களில் பெண்கள் பலர், தம் பெயரின் முதலெழுத்துகளை மண்ணிலேயே கீறினார்கள். 1887இல் சேர்ந்த காட்டரோ ஷிராயமதானி ஜப்பானிய எழுத்திலேயே ஒப்பமிட்டார். ஆலைத் தொழிலாளர் பெயரற்றுப் போன காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த இந்த உரிமையை நான் பெரிதாக நினைக்கிறேன்.

மயிரிழைக் கோடுகள் பூச்சும் மண்ணும் ஆறும்போது வெவ்வேறு அளவில் சுருங்குவதால் வருபவை, இவ்வகையில் இயல்பு. மெருகேற்ற வேண்டாம்; புதிதாக எதையும் பூசவும் வேண்டாம். தண்ணீர் ஊற்றிப் பூ வைப்பதையும் தவிர்த்துவிடுங்கள். ஈரம் அக்கோடுகள் வழியே மண்ணுக்குள் இறங்கிக் கறையாகிவிடும்.