ஆலயப் பணி செய்தும் செருக்கு போகவில்லை. என் விசுவாசம் பொய்யா?

காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்கிறேன், வீட்டில் சீறி விழுகிறேன், யாரும் பாராட்டாவிட்டால் வாடிப்போகிறேன், நான் வேடதாரியா?

இல்லை. வேடதாரிக்கு இந்த வேதனை வராது. விரும்பும் நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்வதாக விவிலியத்தில் உரோமையர் 7ஆம் அதிகாரத்தில் புலம்பும் திருத்தூதர் பவுல், பல ஆண்டுகள் நற்செய்திப் பணியாற்றியவர்.

எனக்கு அதிக அச்சம் தருவது செருக்குதான். கோபத்தை வீட்டார் சுட்டிக்காட்டிவிடுவார்கள். செருக்கோ செபத்துக்குள்ளேயே வந்து அமர்ந்துகொள்ளும். லூக்கா நற்செய்தி 18இல் வரும் பரிசேயர், அதாவது சமயச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதர், வாரம் இருமுறை நோன்பிருந்தவர், பத்தில் ஒரு பங்கு கொடுத்தவர். தொலைவில் நின்ற, பாவி என்று இகழப்பட்ட வரிதண்டுபவரோடு தன்னை ஒப்பிட்டதில்தான் அவர் செபம் கெட்டது.

தேவகோட்டைக்கு அப்பால் ஓரியூரில் 1693இல் உயிர் துறந்த மறைப்பணியாளர் புனித அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) நினையுங்கள். லிஸ்பனில் அரசவையில் வளர்ந்த பிரபு குலத்தவர், இங்கே துறவிக்கோலத்தில் கிராமம் கிராமமாக நடந்தார்.

அடுத்த தேர்பவனிக்கு உபயம் கொடுத்தால், ஒலிபெருக்கியில் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மனம் எவ்வளவு முரண்டுபிடிக்கிறது என்று தெரியும். வீட்டில் சீறினால் அன்றே மன்னிப்புக் கேளுங்கள். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்யும்போது, பாவத்தை மட்டும் சொல்லுங்கள், அதற்கான காரணங்களை அல்ல.