ஓடைக்கரை நிலமும் மாநகராட்சியின் வரைபடமும்

கேள்வி: வெருலத்தில் ஓடையை ஒட்டிய எங்கள் நிலத்தின் பின்பகுதி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாநகரின் 'டி-மாஸ்' திறந்தவெளி அமைப்புக்குள் வருகிறதாம். நிலம் கைவிட்டுப் போகுமா? எங்கள் பேச்சு எடுபடுமா?

பதில்: நிலம் தங்களுடையதே. ஓடை, சதுப்பு, புல்வெளி, கடலோரக் காடு ஆகியவற்றைத் தொடர்புபடுத்தி நகரத் திட்டத்தின்மேல் விரித்த கட்டுப்பாடுதான் டி-மாஸ். ஆகவே அப்பகுதியில் மரம் வெட்டுவதற்கும் கட்டடம் எழுப்புவதற்கும் முன்னதாகச் சுற்றுச்சூழல் பிரிவின் இசைவைப் பெற வேண்டும்.

பேச்சு எடுபடுமா என்பது எழுதுவதைப் பொறுத்தது. நிலப்பயன்பாடு பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, நகரின் எப்பகுதி எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் தன் இடவளர்ச்சித் திட்டத்தின் வரைவை மாநகராட்சி அறிவித்து, எழுத்துமூலக் கருத்துகளுக்கு 60 நாள் அவகாசம் தர வேண்டும். கூட்டத்தில் உரக்கப் பேசிவிட்டு வீடு திரும்புவது நம்மவர் வழக்கம். அது கோப்பில் ஏறாது. ஏர்ஃப் எண்ணை, அதாவது மனையின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, ஓடைக்கரை எதுவரை என்பதைப் படத்துடன் எழுதுங்கள்.

தங்களுக்கு அருகிலுள்ள பஃபல்ஸ்ட்ராய் குப்பைக் கிடங்கைச் சுற்றி, முன்பு கரும்பு விளைந்த நிலத்தில் 2008 முதல் காடு வளர்க்கப்படுகிறது. சுற்றுவட்டார மக்கள் விதை பொறுக்கி, முற்றத்தில் நாட்டு மரக்கன்றுகளை வளர்த்துக் கொடுத்து, அதற்கு ஈடாக மளிகையும் பள்ளிக் கட்டணமும் பெற்றார்கள். பங்கேற்பு என்று நான் மதிப்பது இதைத்தான்.