ஆறு ராணிகள், ஒரே முகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்து வருடமாக லீட்ஸில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் பழைய பொருள் கடைகளைச் சுற்றி பெக்கி நிஸ்பெட் பொம்மைகள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியும் அவருடைய ஆறு மனைவிகளும் போன மாதம்தான் முழுசாகச் சேர்ந்தார்கள். வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ராணிகளுக்குக் கிட்டத்தட்ட ஒரே முகம்! “உடையை மாற்றிப் போட்டால் யாருக்குத் தெரியும்?” என்று என் கணவர் சிரிக்கிறார். இதை வரலாறு என்று சேர்ப்பது அசட்டுத்தனமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மாற்றிப் போட்டுத்தான் பாருங்களேன். அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பெக்கி நிஸ்பெட் 1953இல், இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவை ஒட்டி ஒரு ராணி பொம்மையோடு தொழிலைத் தொடங்கியவர். ஊர், சாமர்செட்டில் வெஸ்டன்-சூப்பர்-மேர். பிறகு வந்தவை ஏழெட்டு அங்குல பிளாஸ்டிக் பொம்மைகள். ஆளுக்கொரு அச்சு என்றால் கட்டுப்படியாகுமா? ஹென்றிக்கு மட்டும் தனி முகம். அந்த ஆளை வேறு எந்த அச்சில் அடைப்பது! ராணிகளுக்கான உழைப்பெல்லாம் துணியில் போயிற்று.

சரி, நிஜ முகங்களை மட்டும் யார் பார்த்தார்கள்? ஹென்றியின் இரண்டாம் மனைவி ஆன் பொலின் 1536இல் தலை வெட்டப்பட்டவர். அவர் உயிரோடு இருந்தபோதே செய்தது என்று தகராறில்லாமல் சொல்லக்கூடியது 1534ஆம் ஆண்டு ஈயப் பதக்கம் ஒன்றுதான். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, அதிலும் மூக்கு நசுங்கிவிட்டது. கழுத்தில் ‘பி’ எழுத்து தொங்கும் அந்தப் பிரபலமான ஓவியம், அவர் போய்ப் பல பத்தாண்டுகள் கழித்து வரைந்தது.

ஆறாவது மனைவி கேத்தரின் பார் கதை இன்னும் வேடிக்கை. லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கும் அவருடைய முழு உருவ ஓவியத்தை வெகுகாலம், பிற்பாடு ஒன்பது நாள் மட்டும் ராணியாக இருந்த லேடி ஜேன் கிரே என்றே நினைத்திருந்தார்கள். 1990களில் ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது முகம் இல்லை, மார்பில் குத்தியிருந்த கிரீட வடிவ நகை. கேத்தரின் பாரின் நகைப் பட்டியலில் அது இருந்தது. மங்கிப்போன கல்யாணப் போட்டோவைப் பார்த்து, “இந்த அட்டிகை பெரியத்தையோடதாச்சே, அப்போ இது அவதான்” என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அதேதான்.

அதனால் முகத்தை விடுங்கள், தலையணியைப் பாருங்கள். ஆன் பொலினுக்குப் பிரெஞ்சு பாணி: வளைந்து பின்னால் தள்ளி, முன்முடி தெரியும். வியன்னாவில் உள்ள, அரசவை ஓவியர் ஹோல்பைன் வரைந்த படத்தில், ஆனுக்கு அடுத்து மனைவியான ஜேன் சீமோருக்கு வீட்டுக் கூரை முகடு மாதிரி கூம்பிய ஆங்கிலப் பாணி. தன்னிடம் சேவகத்துக்கு வந்த பெண்ணையும் பிரெஞ்சு தலையணியை மாற்ற வைத்தார் என்று அக்காலக் கடிதங்களில் இருக்கிறது. முன்னவளின் வாசனைகூட வேண்டாம் என்று நினைத்திருப்பார் போல. இந்த இரண்டை மட்டும் உங்கள் கணவர் மாற்றி மாட்டினால் ஜேன் மன்னிக்கவே மாட்டார்.

அப்புறம், அலமாரி ஜன்னலுக்கு எதிரில் இருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள். வெயிலில் வெல்வெட் வெளுத்துவிடும்.

அன்புடன்.